நாமினி அலர்மேல்மங்கை

மர்பி டவுன்,
11 ஆகஸ்ட் 2025

குளோரி,

போன வியாழக்கிழமை, ஏழாம் தேதி, காலை பதினோரு மணிக்கு உன்னை மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டது நான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது நாளாக நீ கதவைத் திறக்கவில்லை. உன் வீட்டு ஓனர் ஷெர்வின் போன் செய்து, "அண்ணே, டீச்சர் பல்பெல்லாம் கழட்டி வாசல்ல அடுக்கி வச்சிருக்காங்க. சாப்பாடு வச்சா எறும்புதான் சாப்பிடுது" என்றான். வந்து பார்த்தேன். உன் கழுத்து எலும்பு தெரிந்தது. பல்புகள் ஒட்டுக்கேட்கின்றன என்றாய். ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள் உன்னைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால், நோயாளிக்குச் சம்மதம் இல்லாவிட்டாலும் முப்பது நாள் வரை வைக்கலாமாம். எழுதிக் கொடுத்தேன். இன்னொரு முறை அதே நிலைமை வந்தாலும் எழுதிக் கொடுப்பேன்.

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய், பார்க்க வந்தாலும் பார்க்க மாட்டாய், கடிதம் வந்தால் மட்டும் படிப்பாய் என்று வார்டு சிஸ்டர் சொன்னார். அது உன் உரிமை என்றும் சொன்னார். கொட்டேஷனைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாதவன் நான். பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளவும்.

வேலையை இழுத்துக்கொண்டே போகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். காக்ஸ் டவுன் வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாக ஷெர்வினிடம் சொல்லிவிட்டேன். நம் குடோனுக்கு மேலே உள்ள அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வெளியே வந்ததும் நேராக அங்கே வந்துவிடலாம். என் கண் முன்னால் இருப்பாய்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று வண்டி அல்சூர் சிக்னலில் நின்றபோது, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்கினாய். பக்கத்தில் ஒரு பஸ்ஸும் நின்றது. யாரைப் பார்த்துத் தூக்கினாய்? நான்கு நாளாக இதே யோசனை.

ரெமி அண்ணன்

•

பெண்கள் வார்டு,
14 ஆகஸ்ட் 2025

திரு. ரெமிஜியஸ், உரிமையாளர், பழைய ஆபீஸ் நாற்காலி வியாபாரம், மர்பி டவுன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 'கொட்டேஷன்' சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே பதினெட்டுக் கட்டில்கள், தெற்கு வடக்காக. என்னுடையது ஆறாவது. கிழக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்க மரம். தலை வைத்திருக்கும் திசையைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, அதனால் சுவரில் சின்னதாக 'வ' என்று எழுதி அம்புக்குறி போட்டேன். இப்போது நான்கு பேர் காலையில் அதைப் பார்த்துத்தான் சூரியனைத் தேடுகிறார்கள். பதினோரு வருஷம் பூகோளம் நடத்தியதற்கு இங்கேயாவது ஒரு பயன்.

உங்கள் கணக்கில் மூன்று தவறுகள்.

கதவைத் திறந்த அன்று நான் "கிளினிக்குக்கா?" என்று கேட்டேன். "ஆமா" என்றீர்கள். எந்த கிளினிக் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு சக்கரம் உடைந்த நாற்காலியை வாங்கினாலே எந்தக் கம்பெனி, எத்தனையாவது மாடி, யார் உட்கார்ந்தது என்று பத்துக் கேள்வி கேட்கிற ஆள் நீ. நான் மூன்று வருஷமாக ஒரு கிளினிக்குக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாமலே "ஆமா" என்றாய்.

அப்புறம் என்னைச் சரக்கு ஏற்றுகிற குட்டி யானையில், நாற்காலியில் உட்கார வைத்து, நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு போனாய். என்னிடம் அட்சரேகை படித்த பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து பார்த்தாள். 'குட் மார்னிங் மிஸ்' என்றுகூடச் சொல்லத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் வீட்டைக் காலி செய்ய நீ யார்? குடோனுக்கு மேலே நான் வர மாட்டேன். நான் இங்கிருந்து காக்ஸ் டவுனுக்குத்தான் போவேன். சம்மதமில்லாமல் சேர்த்தது சரியா என்று விசாரிக்கிற ரிவ்யூ போர்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நோயாளி எழுதினால் அவர்கள் கேட்டாக வேண்டும்.

கையைத் தூக்கியது கண்டக்டரைப் பார்த்து. இங்கே வந்த அன்றே "உங்களுக்காக முடிவெடுக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். "ஒரு பஸ் கண்டக்டர்" என்றேன். அதை எழுதிக்கொண்ட ஒரு சின்ன வயது டாக்டரின் முகம் மாறியது. நோயின் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கொடுக்கிற மாத்திரையில் நாக்கு ஒரு பக்கமாக இழுக்கிறது. இது எனக்கு ஒத்துக்கொள்ளாது, கிளினிக்கில் எழுதி வைத்திருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

குளோரியா

•

மர்பி டவுன்,
19 ஆகஸ்ட் 2025

குளோரி,

கயிறு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டியது நாற்காலியை. உன்னை இல்லை. சக்கரம் வைத்த நாற்காலி, பிரேக் போட்டால் உருண்டு போய் டிரைவர் கேபினில் இடிக்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், போலீசோடு வரலாமா என்றார்கள். உன் கேட்டில் போலீஸ் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. டாக்சி இரண்டு முறை கேன்சல் ஆயிற்று. அதனால்தான் நம் வண்டி. குடோனில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியைத்தான் ஏற்றினேன், தலைக்கு மெத்தை வைத்தது. டிரைவர் அசோகன், "அண்ணே, முன்னாடி உக்கார வைக்கலாமே" என்றான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவாய் என்று பயந்தேன். தெருவில் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. அது என் பிழை.

அடுத்ததும் என் பிழைதான். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து சங்கமித்ரா என்ற பெண் போன் செய்தார். சோஷியல் வொர்க்கராம். "உங்க சிஸ்டர் அலர்மேல்மங்கைன்னு ஒரு பேர் சொல்றாங்க. பிஎம்டிசி பஸ் கண்டக்டராம். அப்படி யாராவது இருக்காங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். "அப்படி யாரும் இல்லம்மா. பல்பு பேசுதுன்னு சொன்ன மாதிரிதான் இதுவும்" என்றேன்.

திங்கட்கிழமை மறுபடி போன் செய்தார். குரலே வேறு. "சார், அப்படி ஒருத்தர் இருக்காங்க."

நீ சொன்ன கிளினிக்குக்கு அவராகவே போன் செய்து கேட்டிருக்கிறார். அங்கே உன் பைலில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறதாம், 2024 ஜனவரி 9 தேதியிட்டு, உன் கையெழுத்தோடு. உனக்கு முடியாமல் போனால் உன் சார்பில் பேசுகிறவர் என்று அவர் பெயர். அவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்படி ஒரு தாள் இருந்தால் அண்ணன் கையெழுத்து இரண்டாம் பட்சம்தானாம். "எங்களுக்கு இதுவரைக்கும் தெரியல, சார். அந்த பைல் இங்க வரல" என்றார்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எந்தக் கம்பெனி எந்த மாதம் ஒரு மாடியைக் காலி செய்யும் என்று எனக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தெரியும். என் தங்கைக்காக முடிவெடுக்கிறவர் யாரென்று தெரியவில்லை. யார் இந்த அம்மா? எந்த ஊர்? சர்ச்சில் பழக்கமா? பெயரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஏன் அவர், ஏன் நான் இல்லை?

வீட்டைப் பற்றி ஷெர்வினிடம் இன்னும் ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பேசுவோம்.

ரெமி

•

பெண்கள் வார்டு,
22 ஆகஸ்ட் 2025

ரெமி அண்ணனுக்கு,

சொல்ல மாட்டேன்.

நாற்காலியைக் கவிழ்த்து அடியில் பார்த்து எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்வாயே, இதையும் அப்படியே கண்டுபிடி. என் ஜெபப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பிங்க் டிக்கெட் ஒன்றை இதோடு ஒட்டியிருக்கிறேன். பெண்களுக்கு இலவசம்தான், ஆனாலும் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தாக வேண்டும். அவள் ஒரு நாளும் கொடுக்காமல் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால், பழைய மெட்ராஸ் ரோடு. கடைசி நிறுத்தம் வரை.

நாக்கு இன்னும் இழுக்கிறது. 'ழ' சொல்ல வரவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். போர்டு செப்டம்பர் மூன்றாம் தேதி வருகிறதாம். அன்று எனக்கு 'ழ' வேண்டும்.

குளோரியா

•

மர்பி டவுன்,
27 ஆகஸ்ட் 2025

குளோரி,

இன்று பிள்ளையார் சதுர்த்தி, குடோன் லீவு. அதனால் நீளமாக எழுதுகிறேன்.

நேற்று போனேன். பஸ் ஏறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. எந்தப் பக்கக் கதவில் ஏறுவது என்றே தெரியாமல் பெண்கள் ஏறுகிற முன்பக்கக் கதவில் ஏறித் திட்டு வாங்கினேன். கண்டக்டர் குள்ளமான அம்மா, காக்கிச் சட்டை, காதில் பெரிய தோடு, ஐம்பது வயது இருக்கும். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்து, நீ ஒட்டிய டிக்கெட்டையும் என் டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவர் வந்து நின்றார். "இன்னா சார், பஸ் டிக்கெட்டுக்கு அடியில கம்பெனி பேரு தேடுறீங்களா? நீங்க குளோரியா டீச்சர் அண்ணன்தான?"

"எப்படித் தெரியும்?"

"டீச்சர் சொல்லிகீறாங்க. எங்க அண்ணன் எதக் குடுத்தாலும் கவுத்துப் பாப்பாருன்னு."

இரண்டு டிக்கெட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கோலார் தங்கவயல்காரர், சுரங்கம் மூடிய பிறகு இங்கே வந்த குடும்பம். டிரைவர் கன்னடத்தில் ஏதோ கேட்க, "நம்ம டீச்சர் அண்ணா கணோ" என்று கத்தினார். அவ்வளவுதான், பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்து, "டீச்சர் ஹேகிதாரே?" என்று உன் நலம் விசாரித்தார்கள். இந்த எட்டே கால் பஸ்ஸில் உனக்கு ஒரு வகுப்பறையே இருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

ஜூலையில் ஒரு செவ்வாய் நீ வரவில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. மூன்றாவது வாரம் அவர் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, டீ குடிக்கிற நேரத்தில் கிளினிக்குக்கு நடந்து போய் நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். மகா என்ற அந்த நர்ஸ் எனக்கு ரெஜிஸ்டரையே காட்டினார். 'மூன்று வாரம் வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும்' என்று ஜூலை 22 தேதியில் எழுதியிருக்கிறது. ஆனால் உன் வீடு அவர்கள் எல்லையில் இல்லை. காக்ஸ் டவுன் வேறு பக்கத்து ஆட்கள் பார்க்க வேண்டிய இடம். அந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அது போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 14. நீ ஏற்கெனவே வார்டில்.

நான் கேட்டேன், "ஏம்மா, ஆஸ்பத்திரி ஒரு பக்கம், கிளினிக் ஒரு பக்கம், வீட்டுக்கு வர்ற ஆளு ஒரு பக்கம். இந்த மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?"

"பேசணும்னுதான் சார் சட்டம்" என்றார் மகா. "பேசுறதுக்கு ஆள் போடல."

உன் பைலில் மாத்திரை விஷயமும் இருந்தது. நாக்கு இழுத்தது, நிறுத்தியது, மாற்றியது, எல்லாம் தேதியோடு. டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, அங்கிருந்தே நேராக உன் ஆஸ்பத்திரிக்குப் போய் சங்கமித்ரா கையில் கொடுத்தேன். இருபத்தாறு கிலோமீட்டர். இத்தனை நாளாக அந்தத் தாள் கடக்காத தூரம். உள்ளே வரவில்லை, நீ வேண்டாம் என்றிருந்தாய். கேட்டுக்கு வெளியே நின்று புங்க மரத்தை மட்டும் பார்த்தேன்.

இப்போது கஷ்டமான விஷயம்.

பஸ்ஸில் அவரிடம் கேட்டேன், "நான் இருக்கும்போது ஏன் உங்க பேர்?"

அவர் டிக்கெட் மெஷினைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்களத்தான் மொதல்ல கேட்டாங்களாமே. வாணாம்னு சொல்ட்டீங்களாமே."

நான் எப்போது சொன்னேன்? குடோன் வாசலில் இறங்கும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த வாசலைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. போன வருஷ ஆரம்பத்தில் ஒரு நாள், அறுபது நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. நீ குடையோடு வந்து நின்று, "அண்ணா, ஒரு பேப்பர்ல உன்ன நாமினியா போடட்டுமா?" என்றாய். நாமினி என்றால் எனக்குத் தெரிந்தது பேங்க்கும் எல்ஐசியும்தான். ஆள் செத்தபிறகு வந்து வாங்கிக்கொள்கிறவன். "உன் சாவுல வர்றது எதுவும் எனக்கு வேணாம், வேற யாரையாவது போட்டுக்கோ" என்றேன். பெரிய மனுஷன் மாதிரிப் பேசிவிட்டதாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் நிற்கிற நாமினியும் உண்டு என்று எனக்குத் தெரியாது, குளோரி. என்ன பேப்பர் என்று கேட்கவில்லை. எந்த கிளினிக் என்று கேட்காத மாதிரியே.

ரெமி

•

பெண்கள் வார்டு,
30 ஆகஸ்ட் 2025

அண்ணா,

புதன்கிழமை மாத்திரையை மாற்றிவிட்டார்கள். நாக்கு நேராகிவிட்டது. புளியோதரை, வாழைப்பழம், ஏழாம் நம்பர் கட்டில். சொல்லிப் பார்த்தேன், எல்லாம் வருகிறது.

அந்தச் சின்ன டாக்டர் வந்து என் பைலில் 'கண்டக்டர்' என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'உண்மை' என்று எழுதினார். நான் பேப்பர் திருத்துகிற மாதிரியே சிவப்பு மையில். "சாரி மேடம்" என்றார். அரை மதிப்பெண் கொடுத்தேன்.

குடோன் வாசலில் நடந்ததைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஒன்றரை வருஷமாக நான் நினைத்தது வேறு. பைத்தியத்துக்குப் பொறுப்பாக நிற்க அண்ணனுக்கு வெட்கம் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை நானும் விளக்கவில்லை. அறுபது நாற்காலிக்கு நடுவே எப்படி விளக்குவது? திரும்பி வந்து கேட்டிருக்கலாம். ரோஷம்.

நான் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எனக்கு உடம்பு சரியில்லாமல்தான் இருந்தது. பல்பு யார் பேச்சையும் கேட்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது கேட்டது. யாராவது வந்து கதவைத் திறந்திருக்கத்தான் வேண்டும். நீ திறந்தது தப்பில்லை, அண்ணா. அதற்கப்புறம் நடந்ததுதான் தப்பு. அது நல்ல நாற்காலி என்பதும் உண்மை. அல்சூர் வரை முதுகு வலிக்கவே இல்லை.

ஏன் அவள் என்று கேட்டாயே. முதல் நாள் பஸ்ஸில் நான் அழுதுகொண்டிருந்தேன். என்னாச்சு, ஏன் அழுகிறாய், யார் வீட்டுப் பெண், எதுவும் அவள் கேட்கவில்லை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க எறங்கணும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்றேன். "சாக்பீஸ் கை" என்றாள். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது அப்போது. பொய்தான் சொல்லியிருப்பாள். ஆனால் எங்கே இறங்க வேண்டும் என்று என்னைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை போர்டு. நான் காக்ஸ் டவுனுக்குப் போகலாமா, இல்லை இன்னும் இருக்க வேண்டுமா என்று அன்று தெரிந்துவிடும். சங்கமித்ரா சொல்கிறார், மறுபடி முடியாமல் போனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று இப்போதே எழுதிப் பதிவு செய்துவைக்கலாமாம். அதில் ஒரு பெயர்தான் போட வேண்டும் என்றில்லை. வரிசையாகப் போடலாம். முதல் பெயரை நான் மாற்ற மாட்டேன். உனக்கு இரண்டாவது இடம் வேண்டுமா என்று கேட்கிறேன். இந்த முறை சரியாகக் கேட்கிறேன்.

நீ பேரம் பேசி முடிப்பவன். உன் நிபந்தனைகளை அனுப்பு. புதன்கிழமை நேரிலும் வரலாம்.

குளோரி

•

மர்பி டவுன்,
4 செப்டம்பர் 2025

குளோரி,

நேற்று உன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் பேசியதைத் தாளில் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இது கடைசிக் கடிதம். அலர்மேல்மங்கை டூட்டி முடிந்து கொண்டுவந்து தருவார்.

அவர் காக்கிச் சட்டையோடே போர்டு முன்னால் வந்து நின்றதை மறக்க மாட்டேன். "நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். "செவ்வாக்கெழம உறவு, சார்" என்றார். போர்டுத் தலைவரான ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என் முறை வந்தபோது, "உங்கள் தங்கை தனியாக இருக்க முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்றார்கள். முடியாது என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன், உண்மையைச் சொல்கிறேன். நீ ஒவ்வொரு 'ழ'வையும் அழுத்திப் பேசியதைக் கேட்டபிறகு, "அவகிட்டயே கேளுங்க, சார்" என்றேன். கேட்டார்கள்.

ஆறாம் தேதி உன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன் பைலின் நகலை கிளினிக்குக்கு அனுப்பிவிட்டதாக சங்கமித்ரா சொன்னார். அது போய்ச் சேர்ந்ததா என்று செவ்வாய்க்கிழமை நானே போய்க் கேட்பேன். ஷெர்வினிடம் காலி செய்யும் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பல்புகளை மாட்டவில்லை. நீ வந்து மாட்டு, எத்தனை வேண்டுமோ அத்தனை. குடோனுக்கு மேல் அறையில் சரக்கு ஏற்றிவிட்டேன், அங்கே இனி இடமில்லை.

பேசி முடித்தது இது. முதல் பெயர் அலர்மேல்மங்கை, ரூட் மாறினாலும் பெயர் மாறாது. இரண்டாம் பெயர் ரெமிஜியஸ், முழுச் சம்மதம். ஒரு செவ்வாய் நீ பஸ்ஸில் இல்லையென்றால் அன்று மத்தியானத்துக்குள் அவர் எனக்குச் சொல்லிவிட வேண்டும், மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. நான் வந்து கதவைத் தட்டலாம். திறக்காவிட்டால் அவர் வரும்வரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், நாற்காலி நானே கொண்டுவருவேன். நாக்கை இழுத்த அந்த மாத்திரை எந்த ஆஸ்பத்திரியிலும் கூடாது, அதன் பெயர் எழுதிய சீட்டு மூன்று பேர் பர்சிலும் இருக்கும். மறுபடி போக வேண்டி வந்தால் முன் சீட்டு. கயிறு கிடையாது. எங்கே போகிறோம் என்பதை ஏறுவதற்கு முன் நான் சொல்ல வேண்டும். எங்கே இறங்க வேண்டும் என்பதை உன்னிடம் கேட்க வேண்டும்.

ரெமி அண்ணன்